மேடம் மரியாதையாகப் பேசிய மாதம்

ஆம்பூரில் மேடத்திடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால், ஒன்று ஊருக்குப் புதிதாக வந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காது கேட்காதவராக இருக்க வேண்டும். மேடம் என்பது ஷூ ஃபேக்டரியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம். அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் எனக்குத் தெரிந்து யாருக்கும் வந்ததில்லை. குள்ளமான உருவம், காட்டன் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. வரிசையாக ஓடும் தையல் மிஷின்களின் சத்தத்தைத் தாண்டிப் பேசியே பழகிய தொண்டை என்பதால், அவர் ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனையில் இருக்கும் பால் பூத்துக்குக் கேட்கும்.

எனக்கு அவர் பழக்கமானது, அவர் ஃபேக்டரியை விட்ட பிறகு. பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில், மறதி நோய் வந்த பெரியவர்களுக்காக ஒரு பகல் பராமரிப்பு இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். அப்பா அதே ஃபேக்டரியில் குவாலிட்டி பார்த்தவர். க்யூசி என்றால் தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையலை விரலால் தடவி, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்லும் வேலை. அந்த வேலையைப் பார்ப்பவருக்கும் லைன் சூப்பர்வைசருக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது. அப்பாவுக்கு மறதி முற்றியபின், தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போகணும் என்று கிளம்பிவிடுவார். கதவைப் பூட்டினால் என்னை அடிக்க வருவார். பூட்டாவிட்டால் பைபாஸில் லாரிக்கு நடுவே நிற்பார். இரண்டில் எது தேவலை என்று யோசித்தே என் காலைகள் போய்க்கொண்டிருந்தன.

வாசலிலேயே மேடம் அப்பாவைப் பார்த்துவிட்டார்.

"யோவ் க்யூசி! இவ்ளோ நாளா எங்கய்யா போய்ட்ட? சொல்லாம லீவு போட்டா சம்பளம் கட், தெரியும் இல்ல?"

அந்த வாரம் முழுக்கச் சொந்தப் பிள்ளையையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, முதுகை நிமிர்த்தினார். "உன் லைன் சரக்கு ஒழுங்கா இருந்தா நான் ஏன்மா லீவு போடப்போறேன்?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் நேராக வந்ததைக் கேட்டேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மேடம் அதற்கும் திட்டினார்.

சேர்க்கும்போதே தன்னைப் பற்றியும் சொல்லிவிட்டார். அதை மறைக்கிற வழக்கமே அவருக்கு இல்லை. "உங்கப்பாவுக்கு மறதி. எனக்கு மூடு. பைபோலார்னு பேர். ஏறினா இறங்காது, இறங்கினா ஏறாது. ரெண்டு பேருக்கும் மாத்திரை இருக்கு. உனக்குத்தான் ஒண்ணும் இல்ல. அதனால நீதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

மூடு ஏறிய கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். ஃபேக்டரிக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையரிடம், முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, உன் டிசைன் வாத்துக்கால் மாதிரி இருக்கிறது என்று கையால் வரைந்து காட்டியிருக்கிறார். தூக்கமே இல்லாமல் சத்துவாச்சாரிப் பக்கம் கண்ணில் பட்ட மனைக்கெல்லாம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று ஏரி. "மழைக்காலத்துல போய்ப் பாரு, என் சொத்துல கொக்கு குந்தினு இருக்கும்" என்பார். அந்தச் சமயத்தில் அவசர வேலை என்று பெங்களூருக்குப் போன கணவருக்கு வேலை இன்னும் முடியவில்லை. அதற்கப்புறம்தான் வேலூரில் மனநல ஆஸ்பத்திரி, மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எல்லாம். ஃபேக்டரி வேலை போனது. தொண்டை மட்டும் மிஞ்சியது.

வாசல் பலகையில் பகல் பராமரிப்பு இல்லம் என்று எழுதியிருந்தாலும், உள்ளே அது ஃபேக்டரியேதான். வண்டி வந்து ஏற்றிப்போகும். போனதும் மணி அடிக்கும். லேட்டாக வந்தவருக்குத் திட்டு. டீ பிரேக் உண்டு, அதற்கும் மணி. வந்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ லைனிலும் ஆயுளைக் கழித்தவர்கள் என்பதால், பஜனைப் பாட்டு போட்டால் எழுந்து போய்விடுவார்கள், மணி அடித்தால் உட்காருவார்கள். விற்காத பழைய ஷூக்களைக் கொண்டுவந்து வைத்து லேஸ் கோர்க்கச் சொல்வார். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு மேடமே உட்கார்ந்து அத்தனை லேஸையும் உருவி வைப்பார். மறுநாளைக்கு வேலை வேண்டுமே.

அப்பாவின் வேலை, மற்றவர்கள் கோர்த்ததைப் பார்ப்பது. தினமும் ஏதாவது ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் மேஜைக்குப் போவார்.

"இது இன்னா தையல்? ரிஜெக்ட்."

"முதல்ல உன் கண்ணாடிய ரிஜெக்ட் பண்ணுய்யா. எண்ணெய் வழியுது அதுல."

"நான் மேனேஜர்கிட்ட சொல்லுவேன்."

"போய்ச் சொல்லு. அவரு செத்து அஞ்சாறு வருஷம் ஆவுது, மெதுவாப் போய்ச் சொல்லிட்டு வா."

அப்பாவுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். வீட்டில் நாங்கள் எல்லாரும் அவரிடம் குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தோம். அவரை ஒரு ஆளாக மதித்துச் சண்டை போட்டது இந்த உலகத்திலேயே மேடம் ஒருவர்தான்.

ஆனால் குடும்பங்களுக்கு அது பிடிக்கவில்லை. சென்னையிலிருக்கும் என் அண்ணன் வீடியோ காலில் இந்தக் கச்சேரியைக் கேட்டுவிட்டு, "அப்பாவ யாரோ திட்டுறாங்க, உடனே நிறுத்து" என்று குதித்தான். மேடம் என் கையிலிருந்து போனை வாங்கினார். "நீதான் மூத்த பிள்ளையா? போன்ல பாசம் நல்லா வருது. லீவு போட்டு வந்து ஒருநாள் அவருக்குக் கால் கழுவி விடு. அப்புறம் உன் பாசத்தப் பாத்துக்கலாம்." அண்ணன் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்விட்டான்.

தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் தன் அம்மாவை அங்கே விட்டிருந்தார். அந்த அம்மீ, பேரணாம்பட்டில் இருந்த தன் தங்கை எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தங்கை இறந்து பல வருடமாகிறது. பாய் உண்மை விளம்பி. கேட்கும்போதெல்லாம், "காலா மௌத் ஆயிட்டாங்க அம்மீ" என்று சித்தி இறந்துபோனதைச் சொல்லுவார். அம்மீ ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுவார். ஒருநாள் மேடம் எதிரிலேயே இது நடந்தது.

"ஏன் பாய், தினம் ஒரு மய்யத்து எடுக்கிறியா உங்க வீட்ல? அந்தம்மா ஒருவாட்டி அழுதது போதாதா?"

"பொய் சொல்லக் கூடாதே மேடம்."

"பொய் சொல்லாத. தங்கச்சி எப்படி சமைக்கும், எந்தப் புடவை கட்டும்னு கேளு. அம்மீ பேசிக்கினே சாப்பிடும். வாயிருக்குது இல்ல உனக்கு, தோலுக்கு விலை பேச மட்டும்தானா?"

பாய் பெரிய மனிதர். ஊரில் அவரிடம் குரல் உயர்த்திப் பேச ஆள் கிடையாது. காதெல்லாம் சிவந்துபோய் நின்றார். ஆனால் மறுநாளிலிருந்து தங்கையின் சமையலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே, மேடத்தின் வாயைப் பற்றி ஊரெல்லாம் புகாரும் சொன்னார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் அப்பா என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். நான் இல்லத்து மாடிப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். மேடம் வந்து நின்றார். "உன் பேரு மறந்தா இன்னா? உன் கையால சோறு துன்றாரா இல்லியா? வேற எவ குடுத்தாலும் துப்புறாரே, அது இன்னா சும்மாவா? எனக்கு எம் புருஷன் மூஞ்சியே மறந்து போச்சு, நான் நல்லாத்தான் கீறேன். எந்திரி, படி வழி விடு." ஆறுதல் என்று எனக்குப் பலர் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. இது இருக்கிறது.

ஒரு வருடம், மழை விட்ட கையோடு, மேடம் மாறினார்.

முதலில் கவனித்தது பாய்தான். "இன்னிக்கு மேடம் என்னை வாங்க, உக்காருங்கன்னு சொன்னாங்க" என்று ஆச்சரியமாக என்னிடம் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் எல்லாருக்கும் அந்த உபசாரம் கிடைத்தது. லேட்டாக வந்தால், "பரவாயில்லைங்க." டிஃபன் பாக்ஸ் மறந்தால், "நானே குடுத்துடறேங்க." அண்ணன் ஒருநாள் போன் செய்தபோது, "அப்பா நல்லா இருக்காருங்க தம்பி" என்றாராம். அவன் எனக்கு போன் செய்து, பார்த்தாயா, நான் அன்றைக்கே கண்டித்ததால்தான் இந்த மாற்றம் என்று பெருமைப்பட்டான்.

எங்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி. பாய் ஆற்காட்டுக்குப் போய்வந்தபோது ஒரு பெட்டி மக்கன்பேடா வாங்கிவந்து, மேடம் நல்ல குணமாக மாறியதற்காக எல்லாருக்கும் கொடுத்தார். ஒரு மனநோயாளியின் நோய் முற்றியதற்கு ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடிய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். பேடா நன்றாக இருந்தது.

சந்தோஷப்படாதவர் அப்பா ஒருவர்தான்.

ஒரு சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கியவர் உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  தோசை வேண்டாம் என்றார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"அந்தம்மா ஒத்துக்கிச்சு."

"எதை?"

"ரிஜெக்ட்னு சொன்னேன். 'ஆமாங்க சார், என் தப்புதான், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லிச்சு."

நான் சிரித்தேன். "நல்லதுதானே. நீதான் ஜெயிச்சிட்ட."

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "உனக்குத் தெரியாதும்மா. அது ஒத்துக்காது. செத்தாலும் ஒத்துக்காது. அந்தம்மாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சு. போய்ப் பாரு."

நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரோ ஒரு பெண்ணிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பிடியில் இருந்த பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. மறுநாள் காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு நானும் வண்டியில் ஏறினேன்.

உள்ளே சத்தமே இல்லை. மணி அடிக்கவில்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு ஷூவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லா ஷூவிலும் லேஸ் கோர்த்தபடியே இருந்தது. உருவி வைக்க யாரும் இல்லாமல் எத்தனை நாளாக இப்படி உட்கார்ந்திருந்தார்களோ தெரியவில்லை. மேடம் மேஜையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். தலை வாரியிருந்தது. காலில் ஷூ இல்லை.

"வாங்கம்மா" என்றார். "நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். உங்க அப்பாவுக்கு வேலூர்ல நல்ல எடம் ஒண்ணு பேசி வெச்சிருக்கேங்க. அடுத்த வாரத்துலேர்ந்து அங்க விட்டுடுங்க. பாய் அம்மாவுக்கும் பேசிட்டேன். எல்லாருக்கும் பேசிட்டேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"நான் யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேங்க."

 எப்படிக் கேட்பது என்று தெரியாமல், வாய்க்கு வந்தபடி கேட்டேன். "மேடம், செத்துப்போலாம்னு இருக்கீங்களா?"

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் சொல்வதுபோல, "ஆமாங்க" என்றார்.

பாய்க்கு போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் எதற்கு என்றுகூடக் கேட்காமல் காரோடு வந்தார். வண்டி டிரைவரையும் அவர் மனைவியையும் பெரியவர்களுக்குக் காவல் வைத்துவிட்டு வேலூருக்குக் கிளம்பினோம். மேடத்தோடு காரில் ஏறிவிட்ட அப்பா இறங்க மறுத்துவிட்டதால் அவரும் கூட வந்தார். பின் சீட்டில் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். பாஸும் சொல்ல முடியாமல் ரிஜெக்டும் சொல்ல முடியாமல் இருக்கிற சரக்கை, தீர்மானம் ஆகும்வரை வெளியே விடாமல் தனியாக எடுத்து வைப்பார்கள். அதற்கு ஹோல்டு என்று பெயர். வழியெல்லாம் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "ஹோல்டுல வைங்க. அனுப்பாதீங்க. ஹோல்டுல வைங்க." மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். கார் ஓட்டிக்கொண்டிருந்த பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, மேடம் மாத்திரையை நிறுத்தியிருந்தார். அதைப் போட்டால் கை நடுங்கியதாம். பெரியவர்களுக்கு டீ கொடுக்கும்போது சிந்திவிடுகிறது, அவர்கள் மேல் சூடாகப் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, தானாகவே விட்டுவிட்டார். "நடுங்குதுன்னு சொல்லியிருந்தா அளவ மாத்தியிருப்பேனே" என்றார் டாக்டரம்மா, வருத்தத்தோடு. மாத்திரை போட்டியா என்று ஊரையே மிரட்டியவர், தன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மேடத்தைச் சேர்த்த வார்டில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியே ஆக வேண்டும். மேடத்துக்கு வீட்டு ஆள் யார்? பெங்களூர் நம்பர் எடுக்கவில்லை. கடைசியில் மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்ட குடும்பங்களே முறை போட்டுக்கொண்டோம். பாயின் மனைவி வந்து தலைவாரி விட்டார். டிரைவரின் மனைவி துணி துவைத்தார். என் முறைக்கு நான் போனேன். பெரியவர்களைப் பாயின் குடோனில் உட்காரவைத்து, லேஸை உருவும் வேலையை ஆளுக்கொரு நாள் செய்தோம். அந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் தெரியும், விரல் நகமெல்லாம் போய்விடும்.

மேடம் எல்லாருக்கும் நன்றி சொன்னார். தண்ணீர் கொடுத்தால் நன்றி. போர்வை போர்த்தினால் நன்றி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில வாரம் போனதும் டாக்டரம்மா நல்ல முன்னேற்றம் என்றார். தூங்குகிறார், சாப்பிடுகிறார், கேட்டால் சாகும் எண்ணம் இல்லை என்கிறார். வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்.

"வேணாம் டாக்டர்" என்றேன். "இன்னும் மரியாதையாப் பேசுறாங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அடுத்த பெட் எனக்குத்தான் என்று நினைத்திருப்பார். ஆனாலும் பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடி எப்படிப் பேசுவாங்க?"

சொல்லித் தெரியாது என்பதால் செய்து காட்டினேன். வார்டு நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மேடத்தின் தொண்டையில், "இன்னா டாக்டரம்மா, ரவுண்ட்ஸ் வர்ற நேரமா இது? கடிகாரம் கையில அழகுக்குக் கட்டினு வந்தியா?" என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் முடித்தேன். ஊசி போட வந்த நர்ஸ் கதவிலேயே நின்றுவிட்டார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மேடத்தையே பார்த்தார். இவ்வளவு கூத்துக்கும் மேடத்தின் முகத்தில் ஒரு அசைவு இல்லை. "சரி, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு வந்த என் முறையில்தான் அது நடந்தது. காலை நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். மேடம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"யார்டீ கேட்டது உங்கள?"

முதலில் யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"உன்னத்தான். எல்லாருக்கும் எடம் பாத்து வெச்சி, யாருக்கும் கஷ்டம் இல்லாம ஒழுங்கா போவலாம்னு இருந்தேன். அந்தக் க்யூசி பேச்சக் கேட்டுக்கினு கார்ல போட்டுக்கினு வந்துட்டீங்க. ஒரு வார்த்த என்ன கேட்டீங்களா? தெனம் காலைல கண்ணத் தொறந்தா எப்படி கீது தெரியுமா எனக்கு? நெஞ்சு மேல தோல் மூட்டை ஏத்தினாப்ல கீது. நீ சாத்துக்குடி உரிக்கிற, மூதேவி. கொட்டையக்கூட எடுக்காம குடுக்குற."

அதில் விளையாட்டு ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நிஜமான கோபம். உயிரோடு இருக்கவேண்டியிருக்கிறதே என்ற கோபம். எனக்குக் கண்ணீர் கொட்டியது. வாயைத் திறந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தார்.

"விடுங்க சிஸ்டர்" என்றேன். "திட்டட்டும்."

என்னை முடித்துவிட்டுப் பாயைத் திட்டினார், என் அண்ணனைத் திட்டினார், பெங்களூரைத் திட்டினார். மத்தியானம் சோறு வந்தபோது நிறுத்தினார். தட்டை வாங்கித் தன் கையால் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, சாம்பாரில் உப்பு இல்லை என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.